பழைய குத்துச்சண்டைகளுக்கு ஒரு சந்தா: கட்டிய காசுக்குத் தகும்

நான் பிள்ளைகளுக்குப் பாக்ஸிங் சொல்லித் தருபவன். பழைய சண்டைகளை முழுசாகக் காட்டும் இந்த வீடியோ சேவைக்குச் சந்தா கட்டியதே உக்ரைன் வீரர் லோமசென்கோவும் மெக்சிகோ வீரர் சலிடோவும் மோதிய சண்டைக்காகத்தான்.

2014 மார்ச், சான் அன்டோனியோ. இரண்டு ஒலிம்பிக் தங்கத்தோடு வந்த லோமசென்கோவுக்கு அது இரண்டாவது தொழில்முறைச் சண்டை, அதுவே உலகப் பட்டத்துக்கு. அந்தப் பட்டத்தை வைத்திருந்த சலிடோ எடை வரம்பைத் தாண்டி வந்ததால் அதை எடைமேடையிலேயே இழந்துவிட்டார். ஆனால் சண்டையில் நெருங்கி வந்து இடுப்புக்குக் கீழே அடிக்கிறார், கட்டிப்பிடிக்கிறார், தோளால் தள்ளுகிறார். நடுவர் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. கடைசிச் சுற்றில் லோமசென்கோ அவரைத் தள்ளாட வைத்தும் தீர்ப்பு சலிடோவுக்கே: மதிப்பெண் போடும் மூவரில் இருவர் அவர் பக்கம்.

சுற்று சுற்றாகப் பிரித்து, வேகத்தைக் குறைத்துப் பார்க்க முடிவதுதான் இந்தச் சேவையின் பெரிய பலம். மூன்று சுற்று அமெச்சூர் ஆட்டத்தில் இந்தப் பிடிவாதமான நெருக்கல் வராது. பன்னிரண்டு சுற்றில் வரும். அதைப் பழக, பட்டச் சண்டைக்கு முன் லோமசென்கோவுக்கு நாலைந்து சண்டையாவது கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சரி, அடுத்த சண்டையிலேயே கேரி ரஸ்ஸலை வென்று பட்டம் எடுத்தாரே என்பீர்கள். அவர் அபூர்வம். அவரைக் காட்டி எல்லாப் பையன்களையும் அவசரப்படுத்தக் கூடாது.

குறை ஒன்று: மதிப்பெண் போடுபவர்களின் சுற்றுவாரி அட்டை இல்லை. தேடுதலும் மந்தம். ஆனாலும் பயிற்சியாளர்கள் தாராளமாக வாங்கலாம்.