சம்மட்டியால் அடித்து ஏற்றிய பேலன்சர்: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

சென்னையில் பழைய அமெரிக்க வண்டி வைத்திருக்கிறீர்களா? முன்பக்க ஆயில் சீல் மாற்ற ஷெட்டில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வண்டி 1965 ஷெவர்லே இம்பாலா, இன்ஜின் 283 (கன அங்குலம்) வி8. வேலை செய்தது அம்பத்தூர் பக்கம் ஒரு ஷெட். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.

இன்ஜினின் முன்பக்க மூடியான டைமிங் கவரில் ஆயில் கசிவு. அந்த சீலை மாற்ற, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முனையில் உள்ள ஹார்மானிக் பேலன்சரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நடுவில் ஹப், சுற்றிலும் ரப்பர், அதற்கு வெளியே கனமான இரும்பு வளையம். சிலிண்டருக்குள் பெட்ரோல் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் நூலிழை அளவு முறுக்கிக்கொண்டு திரும்பும். அந்த அதிர்வை அடக்குவது இந்த வளையமும் ரப்பரும்தான். "ரப்பர் போச்சு சார், அமெரிக்காவுல இருந்து புதுசு வரவழைக்கணும்" என்றார்கள். 32,000 ரூபாய். பழையதைக் கேட்டால், இரும்புக் கடைக்குப் போய்விட்டதாம்.

வண்டி வந்தது. பேலன்சர் கறுப்பு பெயின்டில் பளபளவென்று இருந்தது. ஆனால் கத்திப்பாரா மேம்பாலம் ஏறினால் கடகடவென்று நாக்கிங் (பெட்ரோல் சரியாக எரியாமல் இன்ஜின் தட்டும் சத்தம்), பெல்ட்டில் கீச் சத்தம். கேட்டால், "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்."

புதுப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். இன்ஜின் ஓடும்போது எட்டிப் பார்த்தவர், "தம்பி, வெளி வளையம் தள்ளாடுது பாருங்க" என்றார். கழற்றித் தின்னர் போட்டுத் துடைத்தார். பெயின்டுக்கு அடியில் துரு. வளையத்தின் முகத்தில் வட்ட வட்டமாகச் சம்மட்டித் தழும்பு. ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது. ஸ்பார்க் வரும் நேரத்தைச் சரிபார்க்க உதவும் டைமிங் கோட்டுக்குப் பக்கத்தில் ஓரம் சிறிதாக உடைந்திருந்தது; நான் முன்பு எடுத்த போட்டோவிலும் அதே உடைசல்! எங்கள் பேலன்சருக்கே பெயின்ட் அடித்து எங்களிடமே விற்றிருக்கிறார்கள்.

அடித்த அடியில் ரப்பர் விட்டுப்போய் வெளி வளையம் நகர்ந்திருந்தது. டைமிங் கோடு இருப்பது அந்த வளையத்தில். முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் பிஸ்டனைத் தடுக்கும் ஸ்டாப் போட்டு, கிராங்க்கை இரண்டு பக்கமும் திருப்பி, பிஸ்டன் உச்சிக்கு வரும் நடுப்புள்ளி எடுத்துப் பார்த்தால் கோட்டுக்கும் அதற்கும் 12 டிகிரி வித்தியாசம். அந்தப் பொய்க் கோட்டை நம்பி டைமிங் லைட் பிடித்து வைத்தால் நாக்கிங் வராமல் என்ன செய்யும்?

ஷெட்டில் போய்க் கேட்டேன். "கம்பெனியிலேயே அடிச்சுத்தான் ஏத்துவாங்க சார்" என்றார்கள். இதில் பாதி உண்மை. 283 கிராங்க்குகள் பலவற்றின் முனையில் போல்ட் ஓட்டையே கிடையாது, எங்களுடையதும் அப்படித்தான். அந்தக் காலத்தில் தட்டித்தான் ஏற்றினார்கள். ஆனால் அந்தத் தட்டு ஹப்பில் மட்டும் விழும்படி தனி டூல் வைத்துத் தட்டினார்கள், வளையத்தில் இல்லை. பெரியவர் ரேடியேட்டரை இறக்கி, ஜிக் வைத்துத் துளைத்து, 7/16 அங்குல மரை போட்டு, இன்ஸ்டாலர் என்ற திருகு டூலால் மெதுவாக இழுத்து ஏற்றினார். இந்த முறை நிஜமாகவே புதியது. போல்ட்டையே போட்டு இறுக்கி ஏற்றலாம் என்று சிலர் சொல்வார்கள், விடாதீர்கள்: நாலைந்து மரைதான் பிடித்திருக்கும், அதுவும் உரிந்துவிடும்.

சம்மட்டி அடி கிராங்க் வழியாக, அது முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் திரஸ்ட் பேரிங்கிலும் இறங்கும். இந்த இன்ஜினில் அது கடைசி மெயின் பேரிங். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் புல்லியைப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னே வந்தால் வேலை பெரிது. நல்லவேளை, எங்களுக்கு டயல் கேஜில் அந்த நகர்வின் அளவு சரியாக இருந்தது.

வண்டியை விடும் முன் பேலன்சரைக் கழற்றும் அவர்களுடைய புல்லரைக் காட்டச் சொல்லுங்கள். ஹப்பில் மூன்று போல்ட் போட்டு இழுப்பதாக இருக்க வேண்டும். வளையத்தைக் கொக்கி போட்டு இழுக்கும் வகை என்றால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடலாம். புதிய பேலன்சர் வாங்கும்போது ஆண்டையும் சொல்லி வாங்குங்கள். 1969-லிருந்து ஷெவர்லே இந்தக் கோட்டின் இடத்தை மாற்றியது. பழைய டைமிங் கவரில் பிந்தைய பேலன்சர் போட்டால் 8 டிகிரி தள்ளிக் காட்டும்.

எங்களுக்குத் தந்த பில்லில் "இன்ஜின் வேலை" என்று மட்டும்தான் இருந்தது, ஜிஎஸ்டி எண் இல்லை. பணம் அனுப்பிய ரசீதும் போட்டோக்களும் இருந்ததால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போயிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பாதிப் பணம் தருகிறோம், வாபஸ் வாங்குங்கள் என்று ஷெட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். முழுப் பணமும் வரும்வரை வாபஸ் வாங்குவதாக இல்லை.