தில்லை நகர் ஃபிளாட், பஞ்சப்பூர் மனை: இந்த லீவில் முடித்த வேலைகள்

சிங்கப்பூரில் இருந்துகொண்டு திருச்சியில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் நண்பர்கள் எல்லோருக்கும் ஒரே பயம்தான்: குடியிருப்பவர் காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால்? என்னைக் கேட்டால் அது கடைசிக் கவலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் வாடகை ஒப்பந்தம். ஸ்டாம்ப் பேப்பரில் 11 மாதத்துக்கு எழுதிப் பீரோவில் வைப்பதுதான் நம் ஊர் வழக்கம். ஆனால் 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி, எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். அதற்கென்று தனி இணையதளம் இருக்கிறது. ஆவணங்களை ஏற்றினால் பதிவு எண் தருகிறார்கள். பதியாத ஒப்பந்தத்தை நம்பி வழக்குக்குப் போனால் கஷ்டம். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பதும் இதே சட்டம்தான். சென்னையில் பத்து மாதம் கேட்பவர்கள் காதில் இது விழுந்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது வரி. இங்கேதான் நேரம் போனது. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு வாடகை கொடுப்பவர், அது எவ்வளவு சின்னத் தொகையானாலும், 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் டிடிஎஸ், அதாவது வாடகையைக் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி, பிடித்துக் கட்ட வேண்டும். 15,000 ரூபாய் வாடகை என்றால் 4,680. அதற்கு அவர் டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்) வாங்க வேண்டும், காலாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். எங்கள் ஃபிளாட்டில் இருப்பவர் மெடிக்கல் ரெப். ஆடிட்டர் இதை விளக்கி முடித்ததும், "சார், நான் மாத்திரை விக்கிறதா, உங்களுக்கு வரி கட்டுறதா?" என்றார். நியாயமான கேள்வி.

இதில் வேடிக்கை என்னவென்றால், வருஷ வாடகை 1,80,000-இல் வருமான வரிக் கணக்கில் வாடகைக்குத் தரும் 30 சதவீதம் கழிவு போக மீதி 1,26,000. எனக்கு இந்தியாவில் வேறு வருமானம் கிடையாது. புதிய வரி முறையில் நான்கு லட்சம் வரை வரியே இல்லை. ஆக, பிடித்த 56,160 ரூபாயையும் ரிட்டர்ன் போட்டு நானே திரும்ப வாங்க வேண்டும். குறைந்த விகிதத்தில் பிடிக்க முன்கூட்டியே சான்று வாங்கலாம் என்றார் ஆடிட்டர், விண்ணப்பித்திருக்கிறோம். டான், காலாண்டுத் தாக்கல் எல்லாவற்றுக்குமான ஆடிட்டர் கட்டணம் என் தலையில். வாடகை நிர்ணயிக்கும்போதே இந்தச் செலவைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

சொத்து வரி, ஈபி பில் இரண்டும் ஃபோனிலேயே முடிந்தன. ஈபி இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால், காலி செய்கிறவர் கடைசி ரீடிங்குக்குப் பணம் கட்டினாரா என்று பார்த்த பிறகுதான் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும். குளியலறைச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. வரச் சொன்ன பிளம்பர் "நாளைக்கு" என்றார், மறுநாளும் அதையே சொன்னார். கீழ்வீட்டு அக்கா அனுப்பிய ஆள்தான் வந்து பைப்பை மாற்றினார்.

மனைதான் என்னை அசர வைத்தது. 2025-இல் பஞ்சப்பூரில் பேருந்து முனையம் திறந்த பிறகு அந்தப் பக்கம் விலை பேசுகிற விதமே மாறிவிட்டது. ஆன்லைனில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தம். பட்டாவும் என் பேரில்தான் இருக்கிறது. நேரில் போனால், மனையின் மூலையில் யாரோ இரண்டு லோடு செங்கல் இறக்கி, ஒரு தகரக் கொட்டகையும் போட்டிருந்தார்கள். அடுத்த மனைப் பெரியவரைக் கேட்டால், "சும்மாதானே தம்பி கெடக்கு" என்கிறார். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும், செங்கல் வராது. நில அளவைக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பித்தேன். சர்வேயர் வந்து அளந்து காட்டிய இடத்தில் நான்கு மூலைக்கும் கல் நட்டு, கம்பி வேலி போட்டாயிற்று. பெரியவரே ஆள் வைத்துச் செங்கலை எடுத்துக்கொண்டார், சண்டை ஒன்றும் இல்லை.

பவர் பத்திர விஷயம் கடைசி. மச்சான் பேரில் பொது அதிகாரம் எழுதச் சொன்னார் ஒரு பத்திர எழுத்தர், "எல்லாத்துக்கும் உதவும்" என்று. வேண்டாம் என்றேன். வாடகை ஒப்பந்தம் போட, வரி கட்ட, அளவைக்கு நிற்க, இவ்வளவுக்கு மட்டும் எழுதி, விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை என்று தனி வரியாகவே சேர்க்கச் சொன்னேன். மச்சானுக்கும் அதுதான் நிம்மதியாம். ஊரில் இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தது வசதி. வெளிநாட்டில் கையெழுத்திட்டு அனுப்பினால், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.