கொமென்ட்டுக்குள்ள ஸ்பேஸ்: கையால பாக்கிறதா, பிரிட்டியரா, ஸ்டைல்லின்ட்டா?

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து கெஸ்ட்ஹவுஸ் வெப்சைட்டுகள்தான் எங்கட வேலை, மே மாசம் சீசன் துவங்க முதல் மூண்டு பேர் ஒரே சிஎஸ்எஸ் (பக்கத்தின்ட தோற்றத்தைச் சொல்லுற கோட்) ஃபைலில கை வைப்பம், கொமென்ட், அதாவது கோட்டுக்குள்ள எழுதுற குறிப்பை, ஒராள் /*அறை விலை*/ எண்டு ஒட்டி எழுதுவார், மற்றவர் /* அறை விலை */ எண்டு இடம் விட்டுத் திருத்துவார், கடைசியா கிட் டிஃப்பில (ஃபைலில என்ன மாறினது எண்டு காட்டுற பட்டியல்) உண்மையா மாறின ஒரு வரியைக் கண்டுபிடிக்க 20 வரி பாக்கோணும். தமிழில கொமென்ட் எழுதினா இன்னும் கஷ்டம். எடிட்டர் ஃபொன்டில தமிழ் இல்லாட்டி வேற ஃபொன்டில இருந்து எழுத்தை எடுக்கும், அகலம் ஒத்துவராது, ஸ்டாரோட எழுத்து ஒட்டிக்கொண்டா கண் நோகும்.

"எல்லாரும் ஸ்பேஸ் விடுவம்" எண்டு வாயால பேசி வச்சா ஒரு கிழமைக்குத்தான் நிக்கும். எடிட்டர்கொன்ஃபிக், எல்லாற்ற எடிட்டருக்கும் ஒரே செட்டிங் குடுக்கிற ஃபைல், வரி முடிவில கிடக்கிற வெறும் ஸ்பேஸை வெட்டும், கொமென்ட்டில ஸ்டாருக்கும் எழுத்துக்கும் நடுவில ஸ்பேஸ் போடாது.

பிரிட்டியர் எண்ட ஃபோமேட்டர் (கோட்டைத் தானா அடுக்கிற டூல்) போட்டா எல்லாம் சரியெண்டு கனபேர் நம்புறாங்கள், நானும் அப்பிடித்தான் நினைச்சிருந்தன். இன்டென்ட், பிரக்கெட், செமிகோலன் எல்லாத்தையும் வடிவா அடுக்கும், அடுத்தடுத்து நாலு வெற்று வரி இருந்தா ஒண்டாக்கும். ஆனா /*அறை விலை*/ எண்டதை அப்பிடியே விட்டிடும், கொமென்ட்டுக்கு மேல வெற்று வரி இல்லாட்டி தானா போடவும் மாட்டுது.

அந்த இடத்துக்குத்தான் ஸ்டைல்லின்ட், சிஎஸ்எஸ்ஸை ரூல் வச்சுப் பாத்துப் பிழை சொல்லுற டூல், வேணும். 2023இல அதின்ட வந்த 15ஆம் வேர்ஷனில, ஃபோமேட்டர் பாக்கிற வேலை எண்டு 76 ஸ்டைல் ரூல்களை ஒதுக்கினவங்கள், ஆனா கொமென்ட்-வைட்ஸ்பேஸ்-இன்சைட், கொமென்ட்-எம்ப்டி-லைன்-பிஃபோர் ரெண்டையும் வச்சிருக்கிறாங்கள். முதலாவது உள்ளுக்கு ஸ்பேஸ் கேக்கும், ரெண்டாவது மேல வெற்று வரி கேக்கும், --fix எண்டு குடுத்து ஓட்டினா ரெண்டையும் தானே திருத்தும். எனக்குப் பிடிச்சது அதுக்கு விளங்குற நிதானம்: /*! எண்டு துவங்கி ஸ்பேஸ் விட்ட லைசன்ஸ் கொமென்ட்டுக்குள்ள முதலாவது ரூல் கை வைக்காது, கோட் இருக்கிற அதே வரியில பின்னால எழுதின கொமென்ட்டுக்கு ரெண்டாவது ரூல் வெற்று வரியும் கேக்காது. ஸ்டைல்லின்ட்டின்ட ஸ்டாண்டர்ட் கொன்ஃபிக் (ஆயத்தமா வாற ரூல் தொகுப்பு) எடுத்தா ரெண்டு ரூலும் ஏற்கனவே போட்டிருக்கும், பிரக்கெட் திறந்த உடன வாற முதல் கொமென்ட்டுக்கு மேல மட்டும் வெற்று வரி வேண்டாம் எண்டு இருக்கும்.

எஸ்சிஎஸ்எஸ் (சிஎஸ்எஸ்ஸா மாத்திப் பாவிக்கிற விரிவான வடிவம்) எழுதுறவங்கள் கவனிக்கோணும், // கொமென்ட்டை இந்த ரூல்கள் பாக்காது, அதுக்கு ஸ்டைல்லின்ட்-எஸ்சிஎஸ்எஸ் பிளகினில டபிள்-ஸ்லாஷ் ரூல்கள் தனியா இருக்கு. வெறும் சிஎஸ்எஸ்ஸில // கொமென்ட்டே இல்லை, போட்டா அடுத்த டிக்ளரேஷனும் சேர்ந்து வேலை செய்யாமல் போகும்.

என்ர முடிவு, ஃபோமேட்டுக்கு பிரிட்டியர், கொமென்ட்டுக்கு ஸ்டைல்லின்ட், ரெண்டையும் கொமிட்டுக்கு (கிட்டில மாற்றத்தைப் பதியிறதுக்கு) முதல் ஓட விடுறது. பழைய ஃபைல்களை முதல் தடவை ஃபிக்ஸ் பண்ணேக்க அதைத் தனிக் கொமிட்டாவே போடுங்கோ, வேற மாற்றம் ஒண்டும் கலக்காதேங்கோ, அந்தக் கொமிட் நம்பரை ஒரு ஃபைலில எழுதி கிட் பிளேமுக்கு (ஒவ்வொரு வரியையும் ஆர் மாத்தினது எண்டு காட்டுற கட்டளை) இக்னோர்-ரெவ்ஸ்-ஃபைலாக் குடுத்தா (கிட் 2.23 வேர்ஷனில இருந்து இருக்கு) அந்த வரியை முதல் எழுதினவரின்ட பேர்தான் காட்டும்.