50:50 ஓட்டத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

எல்சி-எம்எஸ் (எல்சி கலவையைப் பிரிக்கும், எம்எஸ் பிரிந்தவற்றின் மூலக்கூறு நிறையை அளக்கும்) கருவியின் சர்வீஸுக்கு வெளி ஆளைக் கூப்பிடும் சிங்கப்பூர் லேப் நண்பர்களுக்கு இது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள்.

எங்கள் கருவிக்கு வாரண்டி முடிந்துவிட்டது. தயாரிப்பாளரின் ஒப்பந்தம் கட்டுப்படியாகவில்லை. காக்கி புக்கிட் பக்கம் ஒரு சின்ன நிறுவனம் பாதி விலைக்குச் செய்வதாகச் சொன்னது. வந்தவர் தமிழ்த் தம்பி. தே தாரிக் குடித்துக்கொண்டே அக்கா அக்கா என்று பேசியதில் நானும் கொஞ்சம் அசந்துவிட்டேன்.

எல்சியிலிருந்து வரும் திரவத்தை எம்எஸ் பக்கம் தெளிக்கும் ஸ்பிரே நீடிலை மாற்றினார். அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஓடவிட்டார். சிக்னல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நின்றது. பழைய நீடிலை அவரே எடுத்துப்போனார். சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். 1,850 வெள்ளி, ஜிஎஸ்டி தனி.

மறுநாள் சாம்பிள் போட்டால், முதல் 3 நிமிடம் சிக்னல் ரம்பப் பல்லாக ஏறி இறங்குகிறது. எங்கள் கிரேடியண்ட், அதாவது ஓட ஓடக் கரைப்பான் விகிதத்தை மாற்றிக்கொண்டே போகும் ஓட்டம், 95 சதவீதத் தண்ணீரில் தொடங்கும். தண்ணீரின் பரப்பு இழுவிசை அசிட்டோநைட்ரைலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அது நீடில் நுனியில் கூம்பாக இழுபட்டு நுண்துளிகளாகச் சிதறுவதே பாடு. நுனி கொஞ்சம் கெட்டிருந்தாலும் அங்கேதான் குட்டு உடையும். பாதிக்குப் பாதிக் கலவையில் மட்டமான நீடில்கூட நல்ல பிள்ளையாக நடித்துவிடும்.

போன் செய்தால், "அக்கா, உங்க காலம் சரியில்லக்கா" என்றார். ஜோசியம் இல்லை, எல்சி காலத்தைத்தான், கலவையைப் பிரிக்கும் குழாயைத்தான் சொன்னார். அவரிடமே புதுக் காலம் வாங்கினோம், 900 வெள்ளி. காலம் மாறியது, ரம்பம் மாறவில்லை.

அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. பம்பின் அழுத்தக் கோட்டைப் பார்த்தேன், ஆடவே இல்லை. காலத்தைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சு பம்பிலிருந்து 95 சதவீதத் தண்ணீரை நேராக ஸ்பிரேக்கு அனுப்பினேன். அதே ஆட்டம். சரி, பழி எல்சி மேல் இல்லை. நீடிலை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். நுனி ஒரு பக்கம் நசுங்கி, விளிம்பில் பிசிறு. பிடிப்பகுதியில் பலமுறை ஸ்பேனர் போட்ட தழும்பு. பில்லில் 'புதியது'.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களேக்கா" என்பதுதான் கடைசியாகக் கிடைத்த பதில்.

இப்போது யார் வந்தாலும் எங்கள் கிரேடியண்டின் முதல் 5 நிமிடத்தை மூன்று முறை ஓட்டிக் காட்டிய பிறகுதான் பேனாவை எடுக்கிறேன். கழற்றிய பாகம் என் மேசை டிராயருக்குப் போகும். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா என்று மேலாளர் யோசிக்கிறார்; அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம்.

அந்த 900 வெள்ளிக் காலம் மட்டும் நன்றாகத்தான் ஓடுகிறது.