விழாப் பனியனுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங்கா, டி.டி.எஃப். அச்சா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிகளில் கோயில் கொடைக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் ஒரே சின்னத்துடன் மொத்தமாகப் பனியன் அடிக்கும் இளைஞர் மன்றங்களுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங்கையே பரிந்துரைப்பேன். மையை வடித்து அச்சிட நிறத்துக்கொரு சட்டம் (வலைத்துணி கட்டிய சட்டகம்) தயாரிக்க வேண்டியிருப்பதால் தொடக்கச் செலவு கூடினாலும், எண்ணிக்கை ஏற ஏற அது பகிர்ந்து குறைகிறது; நீர் சார்ந்த மை பருத்தி இழைக்குள் இறங்கிவிடுவதால், கடலோர வெக்கையிலும் துணி காற்றோட்டமாக இருக்கும். பிளாஸ்டிசால் என்னும் பிளாஸ்டிக் சார்ந்த மையோ துணிமேல் படலமாக நிற்பது. ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் முழுமையாகப் பதப்படுத்தாவிட்டால் சலவையில் வெடித்து உதிரும் என்பதால், முன்பணம் கொடுக்குமுன் இதைக் கேட்டுத் தெளிவது அவசியம்.

டி.டி.எஃப். (டைரக்ட் டு ஃபிலிம்) முறையில் பிளாஸ்டிக் படலத்தில் அச்சிட்டு, பசைத்தூள் தூவி, வெப்ப அழுத்தத்தால் துணிக்கு மாற்றுகிறார்கள். சட்டம் தேவையில்லை, பாலியெஸ்டருக்கும் பொருந்தும். ஆளுக்கொரு பெயரும் எண்ணும் வேண்டிய கால்பந்து அணிக்கு இதுவே ஏற்றது. ஆனால் மார்பு நிறைந்த பெரிய படமென்றால், அவ்விடம் காற்றுப் புகாமல் புழுங்கும்.