அரசுப் பணிக்கு எம்பிஏ: பொது நிர்வாகப் பட்டத்தோடு ஓர் ஒப்பீடு

அரசுத் துறையிலோ உள்ளாட்சி அமைப்பிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ பணியாற்ற விரும்பும் பட்டதாரிக்கு, முதுநிலைப் படிப்பில் மூன்று வழிகள் இருக்கின்றன: எம்பிஏ, பொது நிர்வாகம் அல்லது பொதுக் கொள்கையில் முதுகலை, இரண்டையும் இணைத்துப் படிக்கும் கூட்டுப் பட்டம். எந்தப் பொறுப்பில் எவ்வகை வேலையைச் செய்யப்போகிறோம் என்ற தெளிவு இல்லாமல் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர், பணத்தையும் இரண்டு ஆண்டுகளையும் வீணாக்க நேரிடலாம் என்பது என் கருத்து.

இரண்டு பட்டங்களும் வெவ்வேறு தேவைகளிலிருந்து பிறந்தவை. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1908-இல் வணிகப் பள்ளியைத் தொடங்கி எம்பிஏ பட்டத்தை அறிமுகப்படுத்தியது, வளர்ந்துவந்த பெரும் நிறுவனங்களுக்கு மேலாளர்களைப் பயிற்றுவிப்பதற்காக. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1924-இல் தொடங்கப்பட்ட மாக்ஸ்வெல் பள்ளியோ பொது நிர்வாகத்துக்கென்றே முதுநிலைக் கல்வியை வகுத்தது.

பாடத்திட்டங்களை அருகருகே வைத்துப் படித்தால் வேறுபாடு துலங்கும். நிதிப் பாடத்தில் எம்பிஏ மாணவர், ஒரு முதலீடு அதன் உரிமையாளருக்கு எதிர்காலத்தில் தரும் வருவாயின் இன்றைய மதிப்பைக் கணக்கிடுகிறார். பொதுக் கொள்கை மாணவரோ அதே கணக்கோடு, பணம் எதுவும் செலுத்தாதவர்களுக்கு ஏற்படும் நன்மை தீமைகளையும், ஆலைப் புகையைச் சுவாசிப்பவரின் இழப்பு உட்பட, சேர்த்துப் பார்க்கப் பழகுகிறார். சந்தைப்படுத்தல் பாடம் இலாபம் தரும் வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கக் கற்பிக்கிறது. அரசுக்கு அந்த உரிமை இல்லை. இலாபமே தராத ஊருக்கும் அஞ்சல் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பணியாளர் நியமனம், சட்டமன்றத்தின் நிதி ஒதுக்கீடு, தணிக்கை ஆகியவற்றில் பொது நிர்வாகப் படிப்பின் கையே ஓங்கியிருக்கிறது.

எம்பிஏ உண்மையிலேயே முந்துவது செயல்பாட்டு மேலாண்மையில்தான். அரசுப் பணியின் பெரும்பகுதி கொள்கை வகுப்பதில் அன்று, சேவையைக் கொண்டுசேர்ப்பதில் இருக்கிறது என்பதால் இதற்கு நான் மிகுந்த எடை கொடுக்கிறேன். தடுப்பூசியைக் குளிர்நிலை கெடாமல் கடைக்கோடிச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது, மருந்துக் கிடங்கில் எவ்வளவு இருப்பு வைப்பது, ஓர் ஒப்பந்தத்தின் தாமத அபாயத்தை யார் ஏற்பது ஆகிய கேள்விகளுக்கு வணிகப் பள்ளிகளில் முதிர்ந்த முறைகள் இருக்கின்றன. சேவைக்காகக் காத்திருக்கும் வரிசைகளைக் கணக்கிட்டு ஆராயும் வரிசைக் கோட்பாட்டையே எடுத்துக்கொள்வோம். மக்கள் வரும் நேரம் சீராக இல்லாத ஓர் அலுவலகத்தில், வேலைப்பளு ஊழியர்களின் முழுத் திறனை நெருங்க நெருங்கக் காத்திருப்பு நேரம் மளமளவென்று ஏறும். ஆகவே எந்த ஊழியரும் ஒரு நிமிடம்கூட ஓய்வாக இருக்கக் கூடாது என்று சிக்கனத்தை எண்ணித் திட்டமிடும் அதிகாரி, நீண்ட வரிசைகளைத் தாமே உருவாக்கிவிடுகிறார். 1966-இல் ஹார்வர்டில் எம்பிஏ பெற்ற மைக்கேல் புளூம்பெர்க், நியூயார்க் நகர மேயராக இருந்தபோது நகரச் சேவைகள் பற்றிய கேள்விகளுக்கும் புகார்களுக்கும் 2003-இல் 311 என்ற ஒற்றைத் தொலைபேசி எண்ணைக் கொண்டுவந்தார். மக்களின் அலைச்சலைக் குறைத்ததோடு, எந்தப் பகுதியில் எந்தக் குறை திரும்பத் திரும்ப எழுகிறது என்ற தரவையும் அது நகர நிர்வாகத்துக்குத் தந்தது.

ஆனால் அதே பயிற்சி எங்கே தவறக்கூடும் என்பதற்கு ராபர்ட் மெக்னமாரா சான்று. 1939-இல் ஹார்வர்டில் எம்பிஏ முடித்து, ஃபோர்டு நிறுவனத்தின் தலைவராக உயர்ந்து, 1961-இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரான அவர், செலவையும் பலனையும் நோக்கங்களின் அடிப்படையில் திட்டமிடும் வரவுசெலவு முறையை அங்கே கொண்டுவந்தார். 1965-இல் மற்றத் துறைகளுக்கும் விரிவாக்கப்பட்ட அம்முறை அங்கெல்லாம் வேரூன்றாமல் 1971-இல் கைவிடப்பட்டது. பாதுகாப்புத் துறையில் மட்டும் அதன் வழிவந்த முறை நிலைத்தது. வியட்நாமிலோ, கொல்லப்பட்ட எதிரிகளின் எண்ணிக்கையே போரின் முன்னேற்றத்தைக் காட்டும் அளவுகோல்களில் ஒன்றாக ஆக்கப்பட்டது. எண்ணக்கூடியது எண்ணப்பட்டது. அம்மக்கள் எந்த அரசை ஏற்றுக்கொண்டார்கள் என்ற முதன்மைக் கேள்வி கணக்குக்குள் வரவே இல்லை. ஒரு பட்டத்தின் மீது முழுப் பழியையும் போடுவது நியாயமாகாது. எனினும், இலக்கு ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டது என்ற எண்ணத்தோடு வழிமுறையை மட்டும் செம்மைப்படுத்தும் பழக்கம் அரசுப் பணியில் எவ்வளவு ஆபத்தானது என்பதை இது உணர்த்துகிறது.

கூட்டுப் பட்டம் இந்தக் குறையை நிரப்பும், ஆனால் அது பொதுவாக மூன்று ஆண்டுகளைக் கேட்கும். யேல் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளி 1976-இல் பொது, தனியார் மேலாண்மை இரண்டுக்கும் ஒரே பட்டம் என்ற கொள்கையோடுதான் தொடங்கியது. 1999-இல் அந்தப் பட்டத்தை விட்டு எம்பிஏவுக்கு மாறியது.

செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். எம்பிஏ கட்டணம் பெரும்பாலும் தனியார் சம்பளத்தை மனத்தில் வைத்து நிர்ணயிக்கப்படுவது. பெருங்கடனோடு வெளியேறுபவர், எவ்வளவு ஆர்வம் இருந்தாலும், அரசுச் சம்பளத்தை ஏற்கத் தயங்குவது இயல்பு. அமெரிக்காவில் பொதுப்பணியில் இருந்தபடி 120 மாதத் தவணைகளைச் செலுத்துவோரின் எஞ்சிய கூட்டாட்சிக் கல்விக்கடனைத் தள்ளுபடி செய்ய 2007-இல் சட்டம் இயற்றப்பட்டது இதனால்தான். அத்தகைய ஏற்பாடு இல்லாத நாட்டில், கல்விக்கடன் வாங்கி எம்பிஏ படித்துவிட்டு அரசுப் பணிக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரசுப் பணியில் நுழைவது திறந்த தேர்வின் வழியாக நடக்கும் நாடுகளில், அந்தப் பட்டம் நுழைவுக்கு ஒரு மதிப்பெண்ணைக்கூடக் கூட்டாமல் போகலாம்.

ஆகவே பணியில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, துறையின் உதவியோடு பகுதிநேரமாகப் படிக்கும் எம்பிஏவே எனக்குச் சிறந்ததாகத் தோன்றுகிறது. விதிகளின் நெருக்கடியை நேரில் கண்டவருக்கு, வணிகப் பாடத்தில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தெரிந்திருக்கும். மருத்துவமனை, போக்குவரத்து, மின்விநியோகம், கொள்முதல், தனியாரோடு இணைந்த கட்டுமானத் திட்டங்கள் ஆகியவற்றை நடத்தப்போகிறவர் எம்பிஏவைத் தேர்ந்தெடுக்கலாம். சட்ட வரைவு, சமூகநலம், கல்விக் கொள்கை ஆகியவற்றை நோக்கியவருக்குப் பொதுக் கொள்கைப் படிப்பே பொருத்தம். எதில் சேர்ந்தாலும் விருப்பப் பாடப் பட்டியலை முன்னதாகவே வாங்கிப் பார்க்க வேண்டும். எம்பிஏவில் அரசு வரவுசெலவும் பொதுக் கொள்முதலும், பொது நிர்வாகத்தில் செயல்பாட்டு மேலாண்மையும் கணக்கியலும் இல்லையென்றால், வேறொரு நிறுவனத்தைத் தேடுவது நல்லது.