ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்குக் கால்சியம்: கூழா, பாலா, நெத்திலியா, மாத்திரையா?

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் கசிந்து உடம்பு வீங்கும் சிறுநீரக நோய்) வந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு நடையாய் நடக்கும் அம்மாக்களின் பெரிய கவலை எலும்பு. அது நியாயமான கவலைதான். இந்த நோய்க்குத் தரும் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை மாதக்கணக்கில் கொடுத்தால் குடல் கால்சியத்தைக் குறைவாகவே உறிஞ்சும். சிறுநீரில் கூடுதலாகப் போகும். புது எலும்பு உருவாவதும் மந்தமாகும். நோய் கிளம்பும் நாட்களில் சிறுநீரில் இறங்கும் புரதத்தோடு வைட்டமின் டி-யும் போய்விடுகிறது.

அக்கம்பக்கத்தில் முதலில் சொல்வது கேழ்வரகு. 100 கிராம் மாவில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், 100 மில்லி பாலில் 120தான். இந்தக் கணக்கை நம்பிப் பாலை நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு டம்ளர் கூழில் மாவு 30 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். கிடைப்பது 100 மில்லிகிராம் சொச்சம். அதிலும் ஒரு பங்கைத் தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டி அரைத்தால் அது ஓரளவு குறையும். அதே டம்ளரில் 200 மில்லி பால் ஊற்றினால் 240 மில்லிகிராம். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் நாள் அளவு 650 மில்லிகிராம். அப்புறம், கூழ் வெறுமனே இறங்காது. உப்புப் போட்டுக் கரைத்து, தொட்டுக்கொள்ள மோர்மிளகாயோ கருவாடோ வேண்டும். முகமும் காலும் வீங்கியிருக்கும் பிள்ளைக்கு அந்த உப்பு ஆகவே ஆகாது. என் ஓட்டு பாலுக்கும் உப்பில்லாத தயிருக்கும்தான். கூழ் பிடித்த பிள்ளைக்கு அதையே பால் விட்டுக் காய்ச்சிக் கொடுங்கள்.

மீனில் கால்சியம் இருப்பது முள்ளில். வஞ்சிரத் துண்டில் முள்ளை ஒதுக்கிவிடுகிறோம், கால்சியமும் தட்டோரம் போய்விடுகிறது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலையில் கூடையில் வரும் பச்சை நெத்திலி அப்படியில்லை. தலையைக் கிள்ளி, குடலை எடுத்துவிட்டு, முள்ளோடு மென்று தின்னலாம். உப்பைக் குறைத்துக் குழம்பு வையுங்கள். அதே நெத்திலி கருவாடாகிவிட்டால் வேண்டாம்.

பாலும் நெத்திலியும் போதாதபோது டாக்டர் மாத்திரை எழுதுவார். கால்சியம் கார்பனேட்டில் 40 சதவீதம் கால்சியம், சிட்ரேட்டில் 21தான். 1,250 மில்லிகிராம் கார்பனேட் என்றால் உடம்புக்குக் கால்சியம் 500. அட்டையில் போட்டிருக்கும் எண் இதில் எது என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். ஸ்டீராய்டோடு சேர்த்து ஒமெப்ரசோலும் ஓடினால் அமிலம் குறைந்திருக்கும். அப்போது சிட்ரேட் மேல். இரும்புச்சத்து மருந்து இருந்தால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வைட்டமின் டி இல்லாமல் எந்தக் கால்சியமும் சரியாக ஏறாது, அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு என்றால் இந்த வரிசை அப்படியே மாறும். அங்கே ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறுவதும் எலும்பைக் கெடுக்கிறது. பால், முள்ளோடு தின்னும் நெத்திலி இரண்டிலும் பாஸ்பரஸ் அதிகம், அளவாகத்தான் தர முடியும். கார்பனேட் மாத்திரையை அங்கே கொடுப்பதே பெரும்பாலும் சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றத்தான். பிள்ளை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுத்தால் அந்த வேலை நடக்காது.